காபட் வீதி வந்தது. காசு எங்கே நின்றது?

கிண்ணியாத் துறையடியில் பாதைக்காகக் காத்துக் கிடந்த நாட்களை எங்கள் பகுதியில் ஐம்பதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்குக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரையில் கொண்டுபோய் விடும் மிதவை. பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். அது பழுதாகிவிட்டால் அன்றைய பயணமே போய்விடும். சரக்கு லொறியோடு போய் அந்தத் துறையடியில் நான் கழித்த மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்த்தால் சில மாதங்களாவது வரும்.

அந்தக் காத்திருப்பில்தான் துறையடியின் வியாபாரம் இருந்தது. பிளேன்டீ, ரொட்டி, வடை, பொரித்த மீன், கிண்ணியாத் தயிர்ச் சட்டி, வெற்றிலை எல்லாம் விற்றன. வேறு வழியில்லாமல் நின்ற மனிதர் எதையாவது வாங்கினார். கடைக்காரர் யாரையும் கூவி அழைக்கத் தேவையிருக்கவில்லை.

2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் உதவியுடன் கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 396 மீற்றர். அன்றைக்கு நாட்டிலேயே மிக நீளமான பாலம் அதுதான். ஒரு மணித்தியாலம் காத்திருந்து கடந்த நீரை இன்று ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறோம். நோயாளியையும் பிரசவத்துக்குத் துடிக்கும் தாயையும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பட்ட பாடு தீர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் வியாபாரிக் கண்ணால் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பாதை நின்ற அன்றே, காத்திருப்பை நம்பி நடந்த வியாபாரமும் நின்றுபோனது.

இந்த ஒரு துறையடியின் கதைதான் இன்று காபட் போட்ட ஒவ்வொரு வீதியோரத்திலும் வெவ்வேறு விதமாக நடக்கிறது என்பது எனது கருத்து. நல்ல வீதி ஆட்களைக் கொண்டுவரும். அதே வீதி அவர்களை நமது வாசலைத் தாண்டியும் கொண்டுபோய்விடும். அவர்களை நிறுத்தும் வேலையை அரசாங்கமோ வீதி அபிவிருத்தி அதிகாரசபையோ நமக்காகச் செய்யப் போவதில்லை.

வீதிகள் தந்தது என்ன?

முதலில் கிடைத்ததை நியாயமாகக் கணக்கிடுவோம். யுத்த காலத்தில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகப் பலர் பொலன்னறுவை, ஹபரணை என்று சுற்றிப் போனார்கள். 200 கிலோமீற்றருக்கும் அதிகமான பயணம் அது. கரையோரமாகச் செல்லும் ஏ 15 வீதியில் அதே இடத்துக்குச் சுமார் 130 கிலோமீற்றர்தான். யுத்தம் முடிந்த பிறகு அந்த வீதி புதிதாகப் போடப்பட்டது. கிண்ணியாப் பாலத்தைத் தொடர்ந்து உப்பாறு, கங்கை, வெருகல், காயான்கேணி என்று பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. துறைகளில் இறங்கி ஏறிய பயணம் ஒரே ஓட்டமாக மாறியது.

கொழும்புப் பக்கமிருந்து வருபவர்களுக்கு 2007இல் ஜப்பானிய உதவியுடன் திறக்கப்பட்ட மனம்பிட்டியப் பாலம் வழிவிட்டது. அதற்கு முன் ரயிலும் லொறியும் ஒரே பாலத்தில் முறை வைத்துப் போனதை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுனாமியில் சிதைந்த அறுகம்பைப் பாலம் அமெரிக்க உதவியுடன் புதிதாகக் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டின் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தது. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் போகும் வாகனங்கள் அதற்குப் பிறகுதான் மூச்சுவிட்டன.

பலன் உடனே தெரிந்தது. 2009இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 4 இலட்சத்து 47 ஆயிரம் பேர். 2018இல் அது 23 இலட்சத்து 33 ஆயிரமாக உயர்ந்தது. இதில் சமாதானத்தின் பங்குதான் பெரிது. ஆனால் சமாதானம் வந்தும் வீதி வராமல் இருந்திருந்தால் அவர்கள் கிழக்குக்கு வந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு மக்கள் அதைவிட அதிகமாக வந்தார்கள். 2010, 2011ஆம் ஆண்டு விடுமுறைகளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து நிலாவெளியையும் பாசிக்குடாவையும் நிறைத்த சனத்தை நான் கண்ணால் கண்டவன்.

பிறகு 2019இன் குண்டுத் தாக்குதல், 2020இன் கொரோனா, 2022இன் எரிபொருள் வரிசை என்று அடிமேல் அடி விழுந்தது. அத்தனையையும் தாண்டி 2024இல் வெளிநாட்டுப் பயணிகள் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தார்கள். ஆகவே ஆட்கள் வருகிறார்களா என்று இனிக் கேட்பதில் பயனில்லை. வந்தவர்களின் பணத்தில் நமது ஊர்களில் தங்குவது எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

வேகம் எடுத்துக்கொண்டு போனது என்ன?

வீதி நன்றாக இருந்தால் நேரம் குறையும். நேரம் குறைந்தால் தங்கும் இரவும் குறையும். முன்பு திருகோணமலைக்குப் போன குடும்பம் அலுப்புத் தீர இரண்டு நாள் தங்கியது. இன்று காத்தான்குடியிலிருந்து சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, மாபிள் பீச்சில் குளித்துவிட்டு, இஷாவுக்கு வீடு வந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பேர் கொண்ட வேன் ஒன்று வருகிறது. டீசல் ஊரிலேயே அடித்தாயிற்று. சோறும் கோழிக்கறியும் வீட்டிலிருந்து வருகின்றன. தண்ணீர்ப் போத்தலும் அப்படியே. வழியில் ஆளுக்கு 500 ரூபா செலவழித்தார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 6,000 ரூபா. அதே குடும்பம் ஓர் இரவு தங்கினால் மூன்று அறை, இராச்சாப்பாடு, காலைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம், ஊருக்கு எடுத்துப்போகக் கருவாடும் தயிரும் என்று அந்த 6,000 பல மடங்காகும். நூறு வேன்கள் கடந்து போவதைவிடப் பத்து வேன்கள் தங்கிப் போவது ஊருக்கு நல்லது. குப்பையும் குறையும்.

வீட்டுச் சோற்றை ஏன் கட்டிக்கொண்டு வருகிறார்கள்? காசில்லாமல் அல்ல. வழியில் உள்ள கடையில் விலை என்ன சொல்வார்கள் என்று தெரியாது. பெண்கள் உட்கார இடமிருக்குமா என்று தெரியாது. மலசலகூடம் எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயம். நமது கடைகளை நமது சனங்களே நம்பவில்லை என்பதுதான் இதன் பொருள். வெளியூர்க்காரன் நம்புவது எப்படி?

தெற்கிடமிருந்து ஒரு பாடம்

இது கிழக்குக்கு மட்டும் உரிய கதையல்ல. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்டது. 2014இல் மாத்தறைக்கும் 2020இல் ஹம்பாந்தோட்டைக்கும் அது நீண்டது. மூன்று மணித்தியாலப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமாகச் சுருங்கியது. காலியும் வெலிகமையும் மிரிஸ்ஸையும் கொழும்பு மக்களுக்கு அடுத்த வீடு போலாகிவிட்டன. வார இறுதியில் அங்கே அறை கிடைப்பதில்லை.

ஆனால் பழைய காலி வீதியில், போகிற வழியில் வண்டியை நிறுத்தும் பயணியை நம்பிச் சாப்பாட்டுக் கடையும் பழக்கடையும் சிற்றுண்டிக் கடையும் வைத்திருந்தவர்களின் நிலை என்ன? நீண்டதூர வாகனங்கள் மேலே நெடுஞ்சாலையில் ஏறிவிட்டன. களுத்துறையிலும் அளுத்கமையிலும் பேருவளையிலும் நமக்குத் தெரிந்த வியாபாரிகளிடம் கேட்டால் அந்த வித்தியாசத்தைச் சொல்வார்கள். அதே பேருவளையில் கடலுக்காகவும் இரத்தினக்கல்லுக்காகவும் தேடி வருபவர் வந்துகொண்டேதான் இருக்கிறார். போகிற வழியில் இருந்த கடைக்கு அடி விழுந்தது. போய்ச் சேர வேண்டிய இடமாக இருந்த கடை பிழைத்துக்கொண்டது.

வீதி மட்டும் போதாது என்பதற்கும் தெற்கிலேயே உதாரணம் இருக்கிறது. 2013இல் மத்தளையில் விமான நிலையம் திறந்தார்கள். அதைச் சுற்றி அகலமான வீதிகள் போட்டார்கள். அந்த வீதிகளில் வாகனத்தைவிட மாடுகளே அதிகம் என்று சனங்கள் பகிடி பண்ணும் நிலைதான் வந்தது. வருவதற்கு ஒரு காரணமும் நிற்பதற்கு ஒரு வசதியும் இல்லாத இடத்தில் எத்தனை வழி வீதி போட்டாலும் அது வெறும் தார்தான்.

ஆகவே நமது வியாபாரிகள் ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். என் கடை வழியில் இருக்கும் கடையா, தேடி வரும் கடையா? வழியில் இருக்கும் கடை என்றால், நாளை ஒரு புறவழி வீதி வந்தால் என் நிலை என்ன?

பாசிக்குடாவின் முட்டை

பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பின் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. பக்கத்தில் ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்குடா. மீனும் இறைச்சியும் முட்டையும் மரக்கறியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் சமையலறைக்கு வேண்டியதில் பெரும் பகுதி தூர இடங்களிலிருந்து குளிரூட்டிய லொறியில் வருகிறது என்று அங்குள்ளவர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். காபட் வீதி அந்த லொறிக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது என்பதை நாம் யோசிக்கவில்லை. வீதி நல்லதாகிவிட்டால் தூரத்துப் போட்டியாளரும் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார்.

ஹோட்டலுக்குப் பொருள் வாங்கும் பொறுப்பில் இருந்த ஒருவரிடம் இதை ஒருமுறை நேரிலேயே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “ஹாஜியார், உங்கள் ஆட்களிடம் பொருள் நல்லது. ஆனால் இன்றைக்கு நாற்பது கிலோ மீன் தருகிறார், நாளைக்கு போன் எடுத்தால் கடல் சரியில்லை என்கிறார். பற்றுச்சீட்டு கேட்டால் துண்டுக் கடதாசியில் எழுதித் தருகிறார். காசை அன்றைக்கே கேட்கிறார். என் கணக்காளர் என்னைக் கொன்றுவிடுவார்” என்றார்.

இதில் ஒரு சொல்லுக்காவது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நமது வியாபாரம் கைக்குக் கை, வாய்க்கு வாய் என்று வளர்ந்தது. பெரிய ஹோட்டலுக்கு வியாபாரப் பதிவு வேண்டும், ஒழுங்கான பற்றுச்சீட்டு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், முப்பது நாள் கடன் கொடுக்கும் பலம் வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்த மீன் வேண்டும். ஒருவரால் இதைச் செய்ய முடியாவிட்டால் ஐந்து பேர் கூட்டுச் சேரலாம். ஒருவர் மீன், ஒருவர் முட்டை, ஒருவர் மரக்கறி, ஒருவர் சலவை என்று பிரித்துக்கொண்டு ஒரே பெயரில் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். கூட்டு வியாபாரம் நமது மார்க்கத்துக்குப் புதியதல்ல. நமது குணத்துக்குத்தான் புதியதாக இருக்கிறது.

காணியை விற்றவன் சுற்றுலாவில் கூலியாள்

இனி மனம் நோகும் ஒரு விடயம். வீதி வந்தால் முதலில் விலை ஏறுவது காணிதான். தேநீர் விலை ஏறுவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே காணி விலை ஏறிவிடும். தரகர் முதலில் வருவார், உல்லாசப் பயணி பின்னால் வருவார்.

காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988இல் உலக மரபுரிமை இடமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக நமது குடும்பங்கள் வாழ்ந்தன. வீடுகளுக்கு நல்ல விலை வந்தபோது பலர் விற்றுவிட்டு வெளியே குடியேறினார்கள். அந்த வீடுகள் பல இன்று ஹோட்டல்களாகவும் கடைகளாகவும் இருக்கின்றன. விற்ற குடும்பத்தின் பிள்ளை அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் நிலையும் வரலாம். விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேவை. ஆனால் அந்தப் பாடத்தைப் பொத்துவில் படிக்க வேண்டும்.

பொத்துவில், அறுகம்பைப் பகுதியில் கடற்கரைக் காணியை ஏன் விற்கிறார்கள்? நமக்குள் மறைத்துப் பேச வேண்டியதில்லை. பெரும்பாலும் குமருக்காக. கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் நடப்பது அபூர்வம். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வாப்பா கடற்கரையில் இருக்கும் இருபது பேர்ச்சை விற்று ஊருக்குள் மூன்று வீடு கட்டுகிறார். இருபது வருடத்துக்குப் பின் அந்த மூன்று மருமக்களும், விற்ற காணியில் எழுந்த ஹோட்டலின் வாசலில் முச்சக்கர வண்டியோடு நிற்கிறார்கள். சீதனம் நமது சமூகத்தில் எவ்வளவு நாசம் செய்கிறது என்று ஜும்ஆக்களில் கேட்கிறோம். அது நமது கடற்கரையையே விற்றுக்கொண்டிருக்கிறது என்பதை ஒரு வியாபாரியாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

சட்டமும் ஓரளவு நமக்குப் பக்கபலமாக இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவருக்கும் பாதிப் பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருக்கும் கம்பனிக்கும் காணியை அறுதியாக எழுதிக் கொடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. குத்தகைக்குக் கொடுக்கலாம். அப்படியிருக்க, உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் வாங்கிப் பின்னாலிருந்து வெளிநாட்டவர் நடத்தும் ஏற்பாட்டுக்குத் தனது பெயரைக் கடன் கொடுப்பவர், தன் ஊரையே கடன் கொடுக்கிறார். சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வியாபாரம் நடத்துவது சட்டத்துக்கு மாறானது. அதற்கு இடம் கொடுப்பவர் பெரும்பாலும் நம்மவர் என்பதை மறைத்துப் பயனில்லை. 2024 ஒக்டோபரில் அறுகம்பை பற்றி அமெரிக்கத் தூதரகம் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தபோது, ஒரே வகையான பயணிகளை நம்பியிருக்கும் ஊர் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதையும் பார்த்தோம்.

விற்காமல் குத்தகைக்குக் கொடுங்கள். பத்து வருடத்துக்கு எழுதுங்கள். ஐந்து வருடத்துக்கொருமுறை வாடகையைத் திருத்தும் நிபந்தனை வையுங்கள். கட்டடம் கடைசியில் யாருக்கு என்பதை எழுத்தில் வையுங்கள். நம்பிக்கையான சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். அதற்கு முன் காணியின் உறுதியையும் அளவைப் படத்தையும் சரி செய்துகொள்ளுங்கள். ஆவணம் இல்லாத காணிக்காரரை வீதி பணக்காரர் ஆக்காது, வழக்காளி ஆக்கும்.

பெரிய பாலமும் சின்னப் பாலமும்

சுற்றுலாவுக்காக வீதி என்று பேசும்போது அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் இருக்கிறது. வெளியூர்க்காரர் அதில் நின்று படம் எடுக்கிறார். அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் வரை சனங்கள் மிதவையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அந்த மிதவை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பச்சைப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஜனாஸாக்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஏ தரத்து வீதியில் உல்லாசப் பயணி போகிறார். உள்வீதியில் நமது பிள்ளை போகிறது. முதலாவதைத் திறக்க மந்திரி வருவார், இரண்டாவதை முடிக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். வியாபாரக் கணக்கிலும் இது பிழை. பயணியைத் தங்க வைப்பது பெரிய வீதி அல்ல. கடற்கரைக்கும் களப்புக்கும் வயலுக்கும் போகும் சின்ன வீதிதான் அவருக்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவழிக்க இடம் காட்டும். அந்த வீதியில் விளக்கில்லை, பெயர்ப்பலகை இல்லை, மழை பெய்தால் போக முடியாது என்றால் அவர் பெரிய வீதியில் ஏறி நேரே போய்விடுவார்.

பராமரிப்பும் அப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலும் வெள்ளமும் நாட்டின் பல மாவட்டங்களில் வீதிகளையும் பாலங்களையும் உடைத்துப் போட்டன. வீதியை நம்பி வளர்ந்த தொழில், வீதி அறுந்த அன்றே படுத்துவிடும் என்பதை அந்த நாட்களில் கண்டோம். வடிகானை மூடிக் கடை கட்டுபவரும், தண்ணீர் ஓடும் வாய்க்காலை நிரப்பிக் காணி பிடிப்பவரும் அந்த நாசத்தில் தமது பங்கையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமது கையில் இருப்பவை

அரசாங்கத்திடம் கேட்பதைக் கேட்டுக்கொண்டே, நாளைக் காலையே நாம் தொடங்கக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, நிறுத்த இடம். நமது ஊர்களின் பிரதான வீதிகளில் ஒரு வேனை ஐந்து நிமிடம் நிறுத்த முடியுமா? கடைச் சாமான் நடைபாதையில், கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் அதற்கு வெளியே, சரக்கு லொறி அதற்கும் வெளியே. காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்ச மரங்களை நட்டார்கள். அதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வெளியூர்ச் சனம் வருகிறது. வந்தவர் இறங்கி இரண்டு கடை ஏறி இறங்க வேண்டுமானால் வண்டியை விட இடம் வேண்டும். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானோடு சேர்ந்தது என்று சிறு வயதில் மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அது கல்லுக்கும் முள்ளுக்கும் மட்டுந்தானா? நமது கடையின் வாளியும் தும்புத்தடியும் அதில் அடங்காதா?

இரண்டாவது, விலைப் பட்டியல். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட வியாபாரத்துக்காகச் செய்யுங்கள். மூன்று மொழியில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்க விடுங்கள். சிங்களத்தில் எழுதிய விலையைப் பார்த்ததும் தெற்கிலிருந்து வரும் சகோதரரின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு ஒரு விலை என்ற கடைக்கு ஒரு பயணி ஒரு முறைதான் வருவார்.

மூன்றாவது, பள்ளிவாசல். தூரப் பயணம் போகும் நமது குடும்பங்கள் எங்கே வண்டியை நிறுத்துகின்றன? ஹோட்டலில் அல்ல, பள்ளிவாசலில். அங்கேதான் தண்ணீர் இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது, தொழவும் சற்றுச் சாயவும் இடமிருக்கிறது. ஆனால் பல இடங்களில் இந்த வசதி ஆண்களுக்கு மட்டுந்தான். பெண்கள் வேனுக்குள் காத்திருக்கிறார்கள். சென்ற வருட விடுமுறையில் என் மனைவியும் பேரப்பிள்ளைகளும் இரண்டு மணித்தியாலம் அப்படி இருந்தார்கள். பிறகு ஒரு சின்னப் பள்ளியில் பெண்களுக்கென்று தனியிடம் கண்டு இறங்கினோம். தொழுதுவிட்டு அந்தப் பள்ளிக்கு எதிரே இருந்த கடையில்தான் சாப்பிட்டோம், பழம் வாங்கினோம், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் வாங்கினோம். அந்த ஊரில் நாங்கள் விட்ட காசு அந்தப் பெண்கள் தொழும் அறைக்காக விட்டது.

இதை ஒரு திட்டமாகவே செய்யலாம். பிரதான வீதியில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து ஒரு பள்ளியையாவது பயணிகளுக்காக ஒழுங்கு செய்யட்டும். பெண்களுக்குத் தனி வாசல், சுத்தமான மலசலகூடம், அதைக் கழுவச் சம்பளத்துக்கு ஒருவர், வீதியில் ஒரு பெயர்ப்பலகை. செலவைக் கடைகள் மாதாமாதம் பகிர்ந்துகொள்ளட்டும். மலசலகூடத்தைப் பிற சமூகத்தவருக்கும் திறந்து விடுங்கள். வழிப்போக்கரைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல, ஸக்காத்தின் எட்டுக் கூட்டத்தாரில் அவரும் ஒருவர். இன்றைய நாட்டு நிலைமையில் ஒரு சிங்களத் தாயோ தமிழ்த் தாயோ நமது பள்ளி வளவில் இறங்கி முகம் கழுவி நன்றி சொல்லிப் போவது, பல மாநாடுகள் செய்யாத வேலையைச் செய்யும்.

ஒரு தயக்கமும் அதற்குப் பதிலும்

சுற்றுலா என்றாலே மதுவும் அரைகுறை உடையும் வரும், பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் பிள்ளைகளைப் பெற்றவன். ஆனால் நாம் ஒதுங்கி நின்றால் பயணிகள் வராமல் இருப்பார்களா? வீதி போட்டாயிற்று. அவர்கள் வரத்தான் போகிறார்கள். நாம் விலகிய இடத்தில் வேறொருவர் வந்து தனக்கு விருப்பமான முறையில் தொழில் நடத்துவார். பிறகு நமக்கு மிஞ்சுவது கூச்சலிடும் உரிமை மட்டுந்தான்.

ஹராமானதை விற்காமலே நடத்தக்கூடிய பெரிய சந்தை நம் முன்னால் இருக்கிறது. குடும்பத்தோடு வரும் உள்நாட்டுப் பயணிகள். அவர்கள் கேட்பது சுத்தமான அறை, ஹலாலான சாப்பாடு, பிள்ளைகள் ஓடியாட இடம், பெண்களுக்கு மறைப்பு. வெளிநாட்டவரின் பருவம் கிழக்கில் மே முதல் ஒக்டோபர் வரைதான். உள்நாட்டுக் குடும்பமோ பெருநாள், பள்ளிக்கூட விடுமுறை, நீண்ட வார இறுதி என்று வருடம் முழுவதும் வரும். கொழும்பு, கண்டி, மாவனல்லை, குருநாகல் குடும்பங்களுக்குக் கிழக்கில் போய்த் தங்க மனமில்லாமல் இல்லை. நம்பித் தங்க இடந்தான் போதவில்லை.

கிண்ணியாத் துறையடிக்கே திரும்பி வருகிறேன். பாதை நின்ற பிறகு அங்கே கடை வைத்திருந்தவர்களில் சிலர் கடையைப் பூட்டினார்கள். சிலர் புதிய வீதியோரம் போய்த் தயிர்ச் சட்டியை அடுக்கினார்கள். காத்திருப்பவருக்கு விற்பது சுலபம். ஓடிக்கொண்டிருப்பவரை நிறுத்தி விற்பதுதான் வியாபாரம். பின்னதைச் செய்தவரிடம் இன்றும் வண்டிகள் நிற்கின்றன. பொருள் சுத்தம், விலை நேர்மை, வாய் இனிமை, வண்டி நிறுத்த நிழல் என்று நான்கே விடயங்கள்தான் அவரிடம் இருந்தன.

காபட் வீதி நமக்குப் பயணிகளின் கூட்டத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறது. அதில் நமது ஊருக்கு ஒரு பங்கைத் தங்க வைப்பதா, தூசியை மட்டும் வாங்கிக்கொள்வதா என்பதை அடுத்த விடுமுறைக்கு முன் ஒவ்வொரு வர்த்தக சங்கமும் கூடிப் பேச வேண்டும். பேசுவதோடு நிற்காமல், ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு எழும்ப வேண்டும். முயற்சி நம்முடையது, பரக்கத் அல்லாஹ்வுடையது.